தாமோதரனுக்கு வலிக்காது

இரண்டாம் மாடி லேபில் படுத்திருப்பவனுக்கு
எங்களுக்கு முந்தைய பேட்ச் வைத்த பெயர் தாமோதரன்.
இடது கை மட்டும் வெளுத்திருக்கும்.
முழங்கை மடிப்பில் சல்லடை,
எத்தனை பேர் ஊசி பழகினார்களோ.

அவன் நரம்பு வைத்த இடத்தில் இருக்கும்,
உள்ளே சிவப்பு மை கரைத்த தண்ணீர்.
தவறினால் சொட்டும், பெனிட்டா சிரிப்பாள்,
துடைத்துவிட்டு மறுபடி.
முதலில் பெயர் கேட்க வேண்டும்,
செய்யப் போவதைச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.
"ஐயா, உங்க பேர் என்ன?"
"தாமோதரன்" என்று நானே சொல்லிக்கொள்வேன்.
இருபதுக்குப் பதினெட்டு.
இரண்டு போனது கட்டைவிரலைத் தப்பாகப் பிடித்ததற்கு.

திங்கட்கிழமை ஆறு இருபது வண்டி.
வியாசர்பாடி ஜீவாவில் ஏறினேன்.
பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றது
வழக்கம்போல் காரணம் சொல்லாமல்.
கால்வாய் நாற்றம் உள்ளே வந்து உட்கார்ந்தது.
மடியில் இஸ்திரி கலையாத ஏப்ரன்.
எதிர் சீட்டில் ஒருவர்
சட்டைக் கையை மடித்துவிட்டுத் தூங்கினார்.
அவர் முன்கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.
நல்ல நரம்பு,
பதினெட்டு கேஜ் தாராளமாகப் போகும்.
கொஞ்ச நாளாய் இப்படித்தான்,
கண்டக்டர் சில்லறை நீட்டினாலும்
கையைத்தான் பார்க்கிறேன்.

வார்டில் கட்டிலுக்குக் கட்டில் நடுவில் பாய்.
புத்தகத்தில் அங்கே ஓர் ஆள் நடக்க வழி இருந்தது.
"ஸ்டூடண்ட், இருபத்தேழுக்கு லைன் போடு!"
குரல் தாண்டிப் போயிற்று,
முகம் பார்க்க முடியவில்லை.

இருபத்தேழு, காசிமேட்டில் ஐஸ் பெட்டி சுமப்பவர்.
தொண்டையைச் செருமிக்கொண்டு
"ஐயா, உங்க பேர் என்ன?"
"சீட்டுல இருக்குதேம்மா. படிக்கத் தெரியாதா?"
பக்கத்துக் கட்டில் சிரித்தது,
பாயில் கிடந்தவரும்.
சீட்டைப் பார்த்தேன். இருசப்பன். ஐம்பத்தெட்டு.

கட்டினேன், தட்டினேன், தெரிந்தது.
ஊசி தொட்டதும் உருண்டது,
தோலுக்கடியில் பல்லி ஓடுகிற மாதிரி.
தாமோதரனுக்கு ஒருநாளும் ஓடியதில்லை.
"ஸ்ஸ்" என்றார்.
அவ்வளவுதான்,
ஓர் எழுத்துகூட முழுசாக இல்லை.
லேபில் ஆறு மாதம் கேட்காத சத்தம்.

பஞ்சை அழுத்திக்கொண்டு நின்றேன்.
எவ்வளவு நேரம் என்று தெரியாது.
சாரி என்றேன்.
அது எந்தப் படியிலும் இல்லை,
மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில்கூட.

அவர் மற்றக் கையை நீட்டினார்.
விரலிடுக்கெல்லாம் உப்பு வெடிப்பு.
"இதையும் பாரு.
சோறு துன்ற கை, கொஞ்சம் பாத்துக் குத்து."

மூன்று மணிக்கு ஒருதரம் பாட்டில் மாறும்,
மூன்று நாளைக்காவது லைன் இருக்கும்.
பக்கத்தில் ஊட்டிவிட யாரும் இல்லை.
கட்டிலடியில் ஒரு தூக்குவாளி, ஒரு ஜோடிச் செருப்பு.
"வேணாம்யா, அந்தக் கை இருக்கட்டும்."
பழைய கையையே கட்டிலுக்குக் கீழே தொங்கப் போடச் சொன்னேன்.
குந்தி உட்கார்ந்தேன் தரையில், புது ஏப்ரனோடு.
ஒரு சாண் மேலே, பக்கவாட்டில்,
கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் தெரிந்த ஒன்று.
உருளாமல் தோலை இழுத்துப் பிடித்தேன்,
கட்டைவிரலால், தப்பாகத்தான்.

வந்தது.
மையைவிடக் கறுப்பு.
ஒரு துளி கையுறையில் விழுந்தது,
உறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது.
"ஆச்சா?" என்றார். "ஆச்சு."
"அப்ப அந்த வாளிய எடு, பசிக்குது."

வெள்ளிக்கிழமை திரும்ப லேப்.
ஏசி ஓடுகிறது, பினாயில் வாசனைகூட இல்லை.
தாமோதரன் அப்படியே.
கட்டை எடுத்துக்கொண்டு கேட்டுவிட்டேன்,
"ஐயா, எந்தக் கையில சாப்பிடுவீங்க?"

திரும்பிப் பார்த்தேன்.
பெனிட்டா சிரிக்கவில்லை.
அவளுக்குத் திங்கட்கிழமை
முப்பத்தொன்றைக் கொடுத்திருந்தார்கள்.